சின்ன தேக்சா

பிப்ரவரி 18, செவ்வாய்

கட்டுரை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது தடவை. மதிப்பீட்டாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார்: 'கணிதம் அழகாக இருக்கிறது. ஆனால் இப்படி நடந்துகொள்ளும் வரிசை உலகத்தில் எங்காவது உண்டா?'

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இருபத்தொரு வருடமாகக் கல்லூரியில் வரிசைக் கோட்பாடு நடத்துகிறேன். எத்தனை பேர் வருவார்கள், எவ்வளவு நேரம் நிற்பார்கள், எத்தனை கவுண்டர் திறந்தால் போதும் — இதுதான் என் பிழைப்பு. ஆனால் உண்மையைச் சொன்னால் நானாகப் போய் ஒரு வரிசையை அளந்தது கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில் உண்டாக்கிய ஆட்கள். அவர்களுக்குப் பசிக்காது, கால் வலிக்காது, பக்கத்தில் நிற்கிறவனோடு சண்டை வராது.

சமீனாவிடம் புலம்பினேன். "ஏம்மா, நீ ரேஷன் கடைக்கே என்னயத்தானே அனுப்புவ" என்கிறாள். பெற்ற மகள் பேசுகிற பேச்சா இது!

பிப்ரவரி 21, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து முத்தவல்லி சேக் இஸ்மாயில் அண்ணன் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருப் பள்ளிவாசல் நிர்வாகம் அவர் பொறுப்பு. டீ குடித்தார், மூட்டுவலியைப் பற்றிச் சொன்னார், எழுந்து செருப்பு மாட்டப் போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

போன ரமலானில் இரண்டு நாள் நோன்புக் கஞ்சி பாதியிலேயே தீர்ந்துபோய்த் தெருவில் ஒரே சத்தம். அதிலிருந்து கமிட்டியில் ஒரு பேச்சு ஓடுகிறதாம். நம் மஹல்லாவில் பெயர் பதிந்த குடும்பங்களுக்கு மட்டும் அட்டை கொடுப்போம், அட்டை இல்லாதவர்களுக்குக் கஞ்சி இல்லை என்று. அப்படியானால் சிம்மக்கல் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள், பின்சந்துக் குடும்பங்கள், பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிறவர்கள் யாருக்கும் கிடையாது.

"எங்க அத்தா காலத்துலருந்து யாரு சட்டி வச்சாலும் ஊத்துவோம்மா. பேரு கேட்டதில்ல, சாமி கேட்டதில்ல. என் காலத்துலயா அது நிக்கணும்?" என்றார். "நீ வரிசையப் பத்தித்தானே டாக்டர் பட்டம் வாங்குன? ஒரு வழி சொல்லு. ஒம்பதாம் நோம்பன்னைக்குக் கமிட்டி கூடுது. நீ சொல்றத வச்சுத்தான் முடிவு."

நிஜமான ஒரு வரிசை, நடந்து போகிற தூரத்தில்! சரி என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் போனபிறகு ஒரு குதி குதித்தேன். ஐம்பத்திரண்டு வயதில் அது முழங்காலுக்கு ஆகாது.

மார்ச் 2, ஞாயிறு — முதல் நோன்பு

பள்ளிவாசலுக்குச் சற்றுத் தள்ளி ஜெராக்ஸ் கடை மாடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நாலு மணியிலிருந்து நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன்.

நான் எதிர்பார்த்தது ஆட்களை. வந்தது பாத்திரங்கள். தூக்குவாளி, டிபன் கேரியரில் ஓர் அடுக்கு, ஐஸ்கிரீம் டப்பா, தேய்த்துக் கழுவிய பெயிண்ட் வாளி. மூடி பறந்துவிடாமல் மேலே ஒரு கல். வருகிறார்கள், சுவரோரமாகப் பாத்திரத்தை வரிசையில் வைக்கிறார்கள், போய்விடுகிறார்கள். நிழலில் உட்கார்ந்து பேசுகிறார்கள், மாவு அரைக்கக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ஒருவர் சலூனுக்குப் போய் முகச்சவரமே முடித்துவிட்டு வந்தார். வரிசையில் நிற்பது பாத்திரம் மட்டும்தான். வரிசை நகரும்போது, ஆள் இல்லாத பாத்திரத்தைப் பின்னால் இருப்பவர் குனிந்து கையால் எடுத்து முன்னால் வைக்கிறார். காலால் தள்ளுவதில்லை. முந்தி வைப்பதும் இல்லை. எவர்சில்வரில் பெயர் வெட்டியிருப்பதால் யாருடையது என்ற கேள்வியும் இல்லை.

காத்திருப்பதில் மனிதனுக்கு என்ன நஷ்டம் என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இந்தத் தெருவில் மனிதர்கள் காத்திருக்கவே இல்லை! இத்தனை வருடத்தில் எனக்கு இது ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே. வாயைப் பிளந்து பார்த்ததில் எண்ணிக்கை விட்டுப்போய், மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். நூற்றுத் தொண்ணூற்றாறு.

ஐந்து மணி நாற்பதுக்கு வரிசை முடிந்தது. இறங்கி வீட்டுக்கு ஓடினேன். ஆறரைக்கு நோன்பு திறக்கும் பாங்கு, அதற்குள் வடை போட வேண்டும்.

மார்ச் 5, புதன் — நான்காம் நோன்பு

கஞ்சி ஊற்றுகிறவன் ஆரிப். அவனை டவுசர் போட்ட நாளிலிருந்து தெரியும். இப்போது முப்பத்தைந்து வயது, கேட் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். நோன்பு மாதம் முழுக்க மத்தியானமே பட்டறையைச் சாத்திவிட்டு வந்துவிடுவான். ஏழெட்டு வருடமாக அவன்தான் ஊற்றுகிறான்.

நாலே முக்காலுக்கு அண்டா பக்கத்தில் வந்து நின்று வரிசையை நுனிவரைக்கும் ஒரே ஒரு தடவை பார்க்கிறான். எண்ணுவதில்லை. பிறகு ஆரம்பிக்கிறான். ஒருநாள் பாத்திரத்துக்கு மூன்று கரண்டி, இன்னொரு நாள் இரண்டரை. எப்படி முடிவு செய்கிறாய் தம்பி என்று இறங்கிப் போய்க் கேட்டேன்.

"வரிசை கரண்டு கம்பத்துக்குள்ள நின்னா மூணு கரண்டி டீச்சர். கம்பத்தத் தாண்டுச்சுன்னா ரெண்டர. நீங்க உக்காந்திருக்க ஜெராக்ஸ் கடப் படியத் தொட்டுச்சுன்னா ரெண்டு."

கம்பமும் கடைப்படியும்! எனக்கு இதற்கு ஒரு அத்தியாயம் தேவைப்படும்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஊற்ற ஆரம்பிப்பதற்கு முன்னால் அண்டாவிலிருந்து கொஞ்சம் கஞ்சியை ஒரு சின்ன தேக்சாவில் எடுத்து, மூடி, பின்னால் சுவரோரம் வைத்துவிடுகிறான். தினம் ஒரே அளவு இல்லை. எத்தனை பாத்திரத்துக்கு ஆகும் என்று கரண்டியை எண்ணி எழுதிக்கொண்டு வருகிறேன். வரிசை முடியும்வரை அதைத் தொடவே மாட்டேன் என்கிறான். எதற்கு என்று கேட்க நினைத்தேன். உளுந்து ஊறுகிற ஞாபகம் வந்து கிளம்பிவிட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

நானூறு பாத்திரம்! வரிசை ஜெராக்ஸ் கடையைத் தாண்டி முக்குத் திரும்பிவிட்டது. ஒரு பாத்திரத்துக்கு எட்டு வினாடி. ஒரு சண்டை இல்லை. நான் நாலு கவுண்டரில் டோக்கன் மெஷின் வைத்து நடத்துகிற பரீட்சைக் கட்டண வசூலுக்கே போலீஸ் கூப்பிட வேண்டியிருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு — எட்டாம் நோன்பு

அறிக்கை முடிந்தது. எட்டு நாள் கணக்கு, இரண்டு பக்கம், ஒரு படம். அட்டை தேவையில்லை என்று எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே அளவாக ஊற்றி, ஒதுக்கி வைப்பதையும் அண்டாவிலேயே சேர்த்துவிட்டால் வரிசையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தாராளமாகக் காணும். மூன்றாவது பத்தியில் இந்த வரி: 'தினமும் சராசரியாகப் பதினேழு பாத்திர அளவு கஞ்சி விநியோகத்துக்கு வராமல் தனியே எடுத்து வைக்கப்படுகிறது.'

சுத்தமான வாக்கியம். சமீனா பிழை பார்த்தாள், ஒன்றும் இல்லை என்றாள்.

மார்ச் 10, திங்கள் — ஒன்பதாம் நோன்பு

கமிட்டி கூடியது. மதரசா அறையில் ஓரமாக எனக்கும் நாற்காலி. செயலாளர் அறிக்கையைச் சத்தமாக வாசித்தார். மூன்றாவது பத்தியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார்.

"தெனம் பதினேழு சட்டிக் கஞ்சி எங்க போகுது?"

எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். ஆரிப் அங்கே நின்றிருந்தான்.

"கடைசில குடுத்துருவேன்" என்றான்.

"யாருக்கு?"

"வாரவகளுக்கு."

"வாரவகன்னா? உன் ஆளுகளுக்கா?"

ஆரிப் உள்ளே வந்தான். கரண்டியை மேஜைமேல் வைத்தான். "நாளைக்கு வேற ஆள் பாத்துக்கங்க" என்று இஸ்மாயில் அண்ணனிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மருந்துக்கடை அனீஸ் நாளையிலிருந்து ஊற்றுவான், என் சூத்திரப்படி. இந்த மாதம் சரியாக நடந்தால் அட்டைப் பேச்சைக் கைவிடுவது என்று தீர்மானம். ஜெயித்துவிட்டேன்தானே? அவன் போனபோது நான் வாயைத் திறக்கவில்லை. எண்கள் சொல்லியதற்கு மேல் நான் என்ன சொல்ல?

மார்ச் 12, புதன்

இரண்டாவது நாளாக எல்லாம் கச்சிதம். ஐந்தரைக்கு வரிசை முடிந்தது, அண்டா காலி. மிச்சம் பூஜ்யம். தெருவில் எல்லோரும் "இன்னைக்கு ரொப்ப ஊத்துனாக" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

வெல்டிங் பட்டறையைத் தாண்டி வந்தேன். ஆரிப் என்னைப் பார்த்ததும் முகக் கவசத்தை இறக்கிக்கொண்டான். கையில் வெல்டிங் வேலை எதுவும் இல்லை.

மார்ச் 17, திங்கள் — பதினாறாம் நோன்பு

வரிசையாக எழுதுகிறேன்.

எங்கள் துறையைக் கூட்டித் துடைக்கிற செல்லக்கிளி இன்று காலை அறைக்கு வந்து, "உங்க பள்ளிவாசல்ல கஞ்சிய நிப்பாட்டிட்டாகளா மேடம்?" என்று கேட்டார். இல்லையே, தினம் முந்நூறு பாத்திரம் என்றேன்.

"ஒரு வாரமா வெறும் தூக்குவாளியத்தேன் ஆட்டிக்கிட்டுப் போறேன். என் வீட்டுக்காரரு சிவனாண்டிக்குத் தொண்டையில ஆப்ரேசன் பண்ணிருக்குல்ல, தையில. நான் வைக்கிற கஞ்சி ஒரு மடக்குக்கு மேல எறங்க மாட்டேங்குது. உங்க கஞ்சின்னா ரெண்டு டம்ளரு குடிப்பாரு. அந்த வெந்தய வாசம் அவருக்குப் புடிச்சுப்போச்சு. நோம்பு எப்ப வரும்னு காத்துக் கெடந்தோம்."

எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று கேட்டேன். கல்லூரி திருநகர் பக்கம். அவருக்கு வேலை முடிவது ஐந்து மணிக்கு. டவுன் பஸ் ஊர்ந்து சிம்மக்கல் வந்து சேர ஆறே கால்.

"ஆறே கால், ஆறு இருவது ஆகும். பாங்குக்குள்ள போனாப் போதும். ஆரிப்பு தம்பி சின்ன தேக்சாவுல எங்களுக்குன்னு வச்சிருக்கும். அதுவும் பத்தலன்னா அவுக வீட்டுத் தூக்குலருந்து எடுத்து ஊத்திரும். அவுக வீட்டுத் தூக்குத்தேன் எப்பவும் கடேசி. இப்ப அந்தத் தம்பி எங்க போச்சு மேடம், ஆளையே காணோம்?"

செல்லக்கிளியின் தூக்குவாளி எங்கள் துறையில் ஸ்டூலுக்கு அடியில்தான் இருக்கிறது. தினம் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். அவர் மத்தியானச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வரிசையைப் பற்றி டாக்டர் பட்டம் வாங்கிய மூதேவி.

சாயங்காலம் வடை கிடையாது என்று சமீனாவிடம் சொல்லிவிட்டு, பர்ஸில் நாலு பேரீச்சம்பழத்தோடு ஜெராக்ஸ் கடை மாடிக்குப் போனேன். ஐந்தரைக்கு வரிசை முடிந்தது. அனீஸ் அண்டாவைக் கவிழ்த்துவிட்டுப் போனான். வழக்கமாக நான் எழுந்து போகிற நேரம். எழவில்லை.

ஐந்து ஐம்பதிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். காக்கிச் சட்டையோடு ஒரு கண்டக்டர். கூடையை இடுப்பில் வைத்தபடி பூ விற்கிற இரண்டு பேர். தோளில் சாக்குத்தூசி அப்பிய மூன்று லோடுமேன்கள். பழவண்டியைத் தள்ளிக்கொண்டே ஒருவர். துணிக்கடைச் சேலை கட்டிய ஒரு பெண், ஓட்டமும் நடையுமாக. நம் ஜமாஅத் ஆட்களும் உண்டு, கடை சாத்த முடியாதவர்கள். கவிழ்ந்த அண்டாவைப் பார்க்கிறார்கள். மூடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு போகிறார்கள். ஒருத்தர்கூடக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு எப்போதோ தெரிந்திருக்கும். பத்தொன்பது பேர். கடைசி ஆள் செல்லக்கிளி. மணி ஆறு இருபத்திரண்டு.

பாங்கு சொன்னார்கள். மாடிப்படியில் உட்கார்ந்தே நோன்பு திறந்தேன். யா அல்லாஹ், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கேன்! எட்டு நாளும் அஞ்சே முக்காலுக்கு எந்திரிச்சுப் போயிட்டு, அதுக்கப்புறம் உலகமே முடிஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுத்திருக்கேனே. என் வடைக்காக ஒரு மனுசன் பேரக் கெடுத்துட்டேனே.

மார்ச் 18, செவ்வாய்

கல்லூரிக்கு லீவு போட்டேன். நோட்டை எடுத்து முதல் எட்டு நாள் கணக்கையும் திரும்பப் பார்த்தேன். 'தனியே எடுத்து வைத்தது' என்று நானே தலைப்புப் போட்ட கட்டத்தை இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறேன்.

வரிசையில் நூற்றுத் தொண்ணூற்றாறு பாத்திரம் இருந்த நாள், தேக்சாவில் பதினான்கு பாத்திர அளவு. இருநூற்று இருபத்தைந்து இருந்த நாள் பதினைந்து. முந்நூற்றுப் பத்துக்குப் பதினெட்டு. நானூறுக்கு இருபது.

பதினான்கைப் பதினான்கால் பெருக்கினால் நூற்றுத் தொண்ணூற்றாறு. இருபதை இருபதால் பெருக்கினால் நானூறு. வர்க்கமூலம்! எட்டு நாளும் ஒரு கரண்டி முன்னே பின்னே, அவ்வளவுதான்.

நூறு வருடத்துக்கு முன்னால் டென்மார்க்கில் ஒரு தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த கணித அறிஞர் கண்ட விஷயம் இது. கூட்டம் எவ்வளவு பெரிதானாலும், கணக்குக்கு மேல் வரக்கூடியவர்களுக்காக நாம் எடுத்து வைக்க வேண்டியது கூட்டத்தின் அளவுக்கு வளராது, அதன் வர்க்கமூலத்தின் அளவுக்குத்தான் வளரும். நூறு பேருக்குப் பத்து எடுத்து வைத்தால், நானூறு பேருக்கு நாற்பது வேண்டாம், இருபது போதும். கூட்டம் பெருக்கப் பெருக்க, அதிகமாக வருகிறவனும் வராமல் போகிறவனும் ஒருவரை ஒருவர் சரிக்கட்டிவிடுவார்கள். எம்.எஸ்ஸி. இரண்டாம் பருவத்தில் வருடா வருடம் நடத்துகிறேன். பாதிப் பேருக்குப் புரிவதில்லை. எனக்கே இது கரும்பலகையில்தான் தெரியும்.

இது வெல்டிங் அடிக்கிற ஒருவன் கையில் இருக்கிறது. கம்பத்தைப் பார்த்து, கடைப்படியைப் பார்த்து, அவன் கை அந்த அளவில் போய் நிற்கிறது. சுப்ஹானல்லாஹ். அதோடு இன்னொன்று. இந்தக் கணக்குப்படி ஆறேழு நாளைக்கு ஒருநாள் அந்த இருபதும் போதாமல் போகும். அதற்கு அவன் என்ன செய்தான் என்று செல்லக்கிளி நேற்றே சொல்லிவிட்டார். தன் வீட்டுத் தூக்கைக் கடைசியில் வைத்தான். ஊற்றுகிறவனே வரிசையில் கடைசி ஆள். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இவனைத்தான் நான் திருடனாக்கினேன். சராசரி எடுத்து, பதினேழு என்று முழு எண்ணாக்கி.

மார்ச் 19, புதன்

பட்டறைக்குப் போனேன். தப்பு என்னுடையது ஆரிப், ஆறே காலுக்கு வருகிறவர்களை நான் பார்க்கவே இல்லை என்றேன். இரும்பைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"நீங்க எழுதுனதுல பொய் ஒண்ணும் இல்லையே டீச்சர். தனியாத்தேன எடுத்து வச்சேன்."

வர்க்கமூலத்தைச் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். இரண்டு நிமிஷம் பார்த்தான். "அம்புட்டெல்லாம் எனக்குத் தெரியாது. கூட்டம் ரெட்டிப்பானா மிச்சமும் ரெட்டிப்பு வேணும்னு மொத வருசம் நெனச்சேன். நெறைய மிஞ்சிப் போச்சு. அடுத்த வருசம் கொறச்சேன், நாலு பேரு வெறுங்கையோட போனாக. அப்பிடியே கூட்டிக் கொறச்சு வந்ததுதேன்" என்றான்.

நாளைக்கு வந்துவிடு தம்பி என்றேன். தேய்ப்பதை நிறுத்தினான்.

"கமிட்டில வச்சுத்தேன என் பேரு போச்சு. இங்க வந்து சொன்னா எனக்கு மட்டுந்தேன் தெரியும்."

மார்ச் 20, வியாழன்

நாளை ஜும்ஆவுக்குப் பிறகு கமிட்டியைக் கூட்டச் சொல்லி இஸ்மாயில் அண்ணனிடம் கேட்டேன். சரி என்றார். சமீனா, "எல்லார் முன்னாடியும் தப்புன்னு சொல்லப் போறியா? நெசமாவா?" என்கிறாள். அப்படி என்ன, நான் தப்பே ஒத்துக்கொள்ளாதவளா? யோசித்துப் பார்த்தேன். ஆமாம்.

மார்ச் 21, வெள்ளி — இருபதாம் நோன்பு

சொல்லிவிட்டேன். உட்கார்ந்துகொண்டு அல்ல, நின்றுகொண்டு. என் அறிக்கை தப்பு. நான் தினம் ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்குப் போய்விட்டேன், அதற்குப் பிறகுதான் வரிசையில் பாதி நியாயம் இருக்கிறது என்றேன். இந்தப் பத்து நாளாக தினம் சுமார் இருபது பேர் வெறும் பாத்திரத்தோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். அதற்குக் காரணம் ஆரிப் இல்லை, நான். அவன் எடுத்து வைத்த அளவு சரி என்று நிரூபிக்க எனக்கு ஒரு பக்கக் கணிதம் வேண்டியிருக்கிறது, அவனுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

இஸ்மாயில் அண்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார்: "போன வருசம் கஞ்சி தீந்துச்சே ரெண்டு நாளு, அன்னைக்கு யாருப்பா ஊத்துனது?"

செயலாளர் தலை குனிந்தார். "நான்தான் ஊத்துனேன். ஆரிப்புக்கு அந்த ரெண்டு நாளும் காய்ச்சல்."

இவ்வளவு சண்டையும் அட்டையும் தீர்மானமும் அந்தக் காய்ச்சலில் கிளம்பியது! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அட்டை இனி எந்த வருடமும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். செயலாளரே கரண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். மனிதர் நல்லவர்தான், சத்தம்தான் ஜாஸ்தி.

மார்ச் 22, சனி

ஆரிப் வந்தான். நாலே முக்காலுக்கு வரிசையை ஒருமுறை பார்த்தான். கம்பத்தைத் தாண்டியிருந்தது. இரண்டரைக் கரண்டி. சின்ன தேக்சா சுவரோரம்.

நான் பாங்குவரை இருந்தேன். ஆறு இருபத்து நாலுக்கு செல்லக்கிளி மூச்சு வாங்க வந்தார். "எங்கய்யா போயிருந்த இத்தன நாளு?" என்று அவனைத் திட்டிக்கொண்டே தூக்கை நீட்டினார். ஊற்றினான். தேக்சாவின் அடியில் கரண்டி உரசும் சத்தம் மாடிவரை கேட்டது. மிஞ்சியது அரைக் கரண்டி.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நோன்புக் களைப்பு என்று ஜெராக்ஸ் கடைக்காரரிடம் சொன்னேன்.

மார்ச் 24, திங்கள்

கட்டுரையைப் புதிதாக எழுத ஆரம்பித்திருக்கிறேன். மதிப்பீட்டாளருக்குப் பதில் கடிதத்தில் முதல் வரி: 'உண்டு. மதுரையில், சிம்மக்கல்லுக்குப் பக்கத்தில்.'

மார்ச் 26, புதன்

சின்ன தேக்சா ஒழுகுகிறது. ஆரிப் இரண்டு இடத்தில் பற்றவைத்திருக்கிறான், மூன்றாவதாகவும் ஓட்டை. புதிதாக ஒன்று வாங்கப் பாத்திரக் கடைக்குப் போனேன். கனமான எவர்சில்வர், இரண்டு பக்கமும் காது.

"பேரு என்னம்மா வெட்டணும்? உபயம் போட்டு உங்க பேரா, வீட்டுக்காரர் பேரா?" என்று கடைக்காரர் கேட்டார். கொஞ்சம் யோசித்துத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'கடைசியாக வருகிறவருக்கு.' அவர் படித்துவிட்டு என்னை ஒருமாதிரி பார்த்தார். ஆனால் எழுத்தை அழகாக வெட்டிக் கொடுத்தார். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 27, வியாழன் — இருபத்தாறாம் நோன்பு

ஆரிப் தேக்சாவைத் தட்டிப் பார்த்தான், காதைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான், "நல்ல கனம்" என்றான். பிறகு எழுத்தைப் படித்தான். முகம் மாறிவிட்டது.

"என்ன டீச்சர் இப்பிடிப் பண்ணிட்டீங்க? இதப் படிச்சா அம்புட்டுப் பேரும் கடைசியாத்தேன் வருவாக. அப்பறம் எவன் நாலு மணிக்குச் சட்டி வைப்பான்?"

மிச்சம் இருக்கிறது என்று தெரிந்தால் ஜனங்கள் வருகிற நேரத்தையே மாற்றிக்கொள்வார்கள். அதற்கென்று தனிப் பாடமே இருக்கிறது. போன ஜனவரியில்தான் நடத்தினேன். கேள்வித்தாளில் பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டேன்!

அவன் சிரித்துக்கொண்டே, எழுத்து இருக்கிற பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தான். மேலே ஒரு சாக்கையும் போட்டான். அவ்வளவுதான், தீர்ந்தது.

இன்று நானும் வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுபோயிருந்தேன். வரிசை முடிந்ததும், ஆரிப் வீட்டுத் தூக்குக்குப் பின்னால் அதை வைத்தேன். பார்த்தான்.

ஆறு மணியிலிருந்து வந்துகொண்டே இருந்தார்கள். கண்டக்டர், பூக்காரர்கள், லோடுமேன்கள், துணிக்கடைப் பெண். முந்தின நாட்களைவிட அதிகம். ஆறு இருபத்து மூன்றுக்கு செல்லக்கிளி. "நேத்து மூணு டம்ளரு குடிச்சாரு மேடம்" என்று என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். அவருக்குப் பின்னால், யாருமே எதிர்பார்க்காத நேரத்தில், பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு கிழவர் கையில் பாலிதீன் பையோடு. அவருக்கும் ஊற்றினான். கடைசியில் தேக்சாவைச் சாய்த்துச் சுரண்டித் தன் வீட்டுத் தூக்கில் விட்டான். அது பாதிக்கு மேல் நிறைந்தது. கரண்டியைக் கவிழ்த்துக் காட்டினான்.

"உங்களுக்கு இன்னைக்கு இல்ல டீச்சர்."

"தெரியும்" என்றேன்.

வெறும் தூக்கை ஆட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தெருமுனையில் இருக்கும்போதே பாங்கு சொல்லிவிட்டார்கள். சமீனா வடையோடு வாசலில் நின்றிருந்தாள். அவளே போட்டது, கொஞ்சம் கருகல். தூக்கை வாங்கித் திறந்து பார்த்தாள்.

"கஞ்சி எங்கம்மா?"

"சரியாப் போச்சு" என்றேன்.